வீட்டில் சும்மா இருப்பவர்

அந்தப் படிவத்தில் மொத்தம் பதினேழு கேள்விகள். பதினாறு கேள்விகளுக்குத் தமயந்தி பேனாவைக் கடித்துக் கடித்து யோசித்துத்தான் பதில் எழுதினாள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் தூக்கம், கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். சிரிப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொய் எழுதினாள். பதினேழாவது கேள்விக்கு யோசிக்கவே இல்லை. 'வீட்டில் சும்மா இருப்பவர் யார்?' என்று கேட்டிருந்தது. 'நல்லசிவம், கணவர், வயது 46' என்று மளமளவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்து படிவத்தை வாங்கிக்கொண்ட மெர்சி, 'நிழல்' நிறுவனத்திலிருந்து வந்த பெண். மடியில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து இரண்டு காப்புகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

"உறுதியாச் சும்மாதான் இருக்காருங்களா மேடம்?" என்று மெர்சி கேட்டாள்.

"அதுல என்னங்க சந்தேகம்? மூணு வருசமா வீட்லதான் இருக்காரு."

சும்மா இருந்த நல்லசிவம் அந்த நேரத்தில் சமையலறையில் ஓர் அடுப்பில் சாம்பாரைக் கொதிக்கவிட்டு, இன்னோர் அடுப்பில் பணியாரத்தைக் குச்சியால் திருப்பிக்கொண்டு, மாடியில் காயும் துணிக்கு மழை வருமா என்று சன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். கேள்வி அவன் காதிலும் விழுந்தது. "ஆமாங்க, நான் சும்மாதான் இருக்கறனுங்க!" என்று பணியாரக் குச்சியோடு எட்டிப் பார்த்துச் சொன்னான். சம்பந்தப்பட்ட ஆளே வாக்குமூலம் கொடுத்த பிறகு மெர்சி என்ன செய்வாள்? டிக் அடித்துவிட்டாள்.

நல்லசிவம் பதினாறு வருடம் ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எஞ்சின் எந்தச் சுருதியில் முனக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு சட்டம். கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும், உள்ளே மந்திரியே உட்கார்ந்திருந்தாலும் சரி. மூன்று வருடத்துக்கு முன்னால் பஸ்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. தூக்கமே வராத பஸ்ஸுக்கு எதற்கு ஓரங்கட்டுகிற டிரைவர் என்று அவனையே ஓரங்கட்டிவிட்டார்கள். அன்று முதல் வீடு அவன் பொறுப்பு.

வெளியே போகிற பொறுப்பு தமயந்திக்கு. சாதாரணப் பொறுப்பா அது? கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் பதினோரு நிமிடத்தில் போகிற பறக்கும் பஸ்! எட்டு மோட்டார், நாற்பது இருக்கை. ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்க மோட்டார் செய்து கொடுத்த ஊர், அந்த மோட்டாரை இப்போது வானத்தில் ஏற்றிவைக்கப் போகிறது. எட்டு மோட்டாரும் தமயந்தி பார்த்துப் பார்த்துச் செய்தவை. பஸ்ஸுக்குத் 'தும்பி' என்று பேர் வைத்தது அவள் மகள் ஆதிரை, வயது பதின்மூன்று. கம்பெனி நடத்திய பேர் வைக்கும் போட்டியில் இரண்டாயிரம் பேரைத் தோற்கடித்து ஜெயித்த பேர் அது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் கால் தரையில் பாவியதே இல்லை. தும்பி கிளம்ப இன்னும் எத்தனை நாள் என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் தினமும் எழுதி அழிப்பாள்.

மெர்சி வந்த அன்று அதில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

தும்பி தானாகவே பறக்கும். ஆனாலும் முதல் ஓட்டத்தில் ஒரு மனுஷர் கைப்பிடியில் கைவைத்தபடி கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அது தமயந்திதான் என்று முடிவாகியிருந்தது. அவளோ ஆறு மாதமாகச் சரியாகத் தூங்காமல், கூட்டத்தில் நின்றபடியே குறட்டைவிட்டுப் பேர் வாங்கியிருந்தாள். மகளின் மதிப்பெண் அட்டையில் 'சோதித்தேன், குறையில்லை' என்று எழுதி, கம்பெனி முத்திரையையும் குத்தி அனுப்பியவள் அவள். பள்ளிக்கூடத்தில் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

"எப்படிங்க வேலை செய்யும் இது?" என்று தமயந்தி கேட்டாள்.

"தூங்கறப்ப உடம்பு உள்ளுக்குள்ள ஒரு ரிப்பேர் வேலை பண்ணுதுங்க மேடம். கறுப்புக் காப்பு அதை அப்படியே படிக்கும். வெள்ளைக் காப்பு அதே வேலைய உங்க உடம்புல பண்ணும். அவரு தூங்குவாரு, உங்களுக்குத் தெளிஞ்சுரும். நீங்க ரெண்டு மணி நேரம் படுத்தாப் போதும். மிச்ச நேரமெல்லாம் ஆபீசுக்கும் வீட்டுக்கும் உங்க இஷ்டம்."

"அப்ப அவருக்கு?"

"குடுத்தது குடுத்ததுதானுங்க. ஆனா சும்மா இருக்கறவங்ககிட்ட ஓய்வு மிச்சம் இருக்குமில்லீங்களா? அதனால அவங்களுக்குக் குழாய முழுசாத் தொறந்து விட்ருவோம். வேலை செய்யறவங்கன்னாக் கால்வாசிதான். அதுக்குத்தான் அந்தப் பதினேழாவது கேள்வி." மெர்சி காப்பைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னாள். "ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கோணும், பதினெட்டு வயசு தாண்டியிருக்கோணும். ரத்த சொந்தம்னா இன்னும் நல்லா ஒட்டும், ஆனா புருசன் பொண்டாட்டிக்கும் பரவால்லீங்க. இன்னொண்ணு. குடுக்கறவங்க சுபாவமும் கொஞ்சம் கூடவே ஒட்டிக்கிட்டு வரும். பயந்துக்காதீங்க."

நல்லசிவம் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினான். "போடுங்க. எனக்குத் தூங்கறதுதான் வேலைன்னா, அதைவிட நல்ல வேலை கெடைக்குமா?" என்று சிரித்தான். உண்மையில் அவனுக்குச் சந்தோஷம்தான். மூன்று வருடமாக அவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று உள்ளூர ஒரு குறை இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆதிரை இரண்டு காப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அப்பாவோட தூக்கத்துலதான் அம்மா தும்பி ஓட்டப் போறியா? சூப்பரும்மா!" என்று குதித்தாள்.

"குதிக்காத. சும்மாதானே நிக்கறே, என்ற சார்ஜர எடுத்துட்டு வா" என்றாள் தமயந்தி.

மறுநாள் காலை எழுந்தபோது தமயந்திக்கு முதலில் பயமாக இருந்தது. உடம்பில் எங்கேயும் வலி இல்லை. கண்ணுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கிற கனம் இல்லை. படுத்ததோ இரண்டு மணி நேரம்தான். எட்டு மணி நேரத் தூக்கமும் ஒரு மலைக்காற்றும் சேர்ந்து உள்ளே இறங்கியிருந்தன.

அன்று மோட்டார்களை ஓடவிட்டுச் சோதித்தபோது, எல்லோரும் சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்க, தமயந்தி மட்டும் கையைத் தூக்கினாள். "மூணாவது மோட்டார்ல ஒரு கிணுகிணுப்பு இருக்குது" என்றாள். கருவிகள் எதுவும் காட்டவில்லை. கழற்றிப் பார்த்தால், பேரிங்கில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்! அவளுடைய உதவியாளன் ஷாகுல் வாயைப் பிளந்தான். "எப்படி மேடம் கேட்டுச்சு உங்களுக்கு?" என்றான்.

எப்படிக் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். அது நல்லசிவத்தின் காது. முதல் மூன்று நாளும் அவளிடம் ஒரு நிதானம் இருந்தது. யாராவது கத்தினால் வளைவில் எதிரே வரும் லாரிக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்று, போனதும் தன் வழியில் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளோடு கேரம் ஆடினாள், தோற்றாள். வேலை, வீடு, ஓய்வு என்று மூன்று பந்தையும் ஒன்றுகூடக் கீழே விழாமல் பிடிக்கிறோமே என்று அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த ஷாகுலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கெட்டிக்காரன். ஆனால் ஆறு மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஆபீஸில் அவனுக்கு 'ஆறு மணி சார்' என்று பட்டப்பெயர். "உலகம் ஏழு மணிக்கு அழியப் போவுதுன்னாலும் இவன் ஆறுக்குப் போயிருவான்" என்று திட்ட இயக்குநர் வெங்கிடுசாமி எல்லோர் எதிரிலும் சொல்வார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஆறு மணிக்குப் போய்விடுவான்.

நான்காவது நாள் காலையில் இன்னொரு அதிசயம் நடந்தது. தமயந்தி கண்ணைத் திறந்ததுமே சிரிப்பு வந்தது. காரணம் எதுவுமில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தால் சிரிப்பு, பல்பசையைப் பார்த்தால் சிரிப்பு. ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். வெங்கிடுசாமி மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றதும் அடக்க முடியாமல் பொங்கிச் சிரித்து, சிரிப்பு பக்கத்திலிருந்தவர்களுக்கும் தொற்றி, கூட்டமே ஐந்து நிமிடம் நின்றுபோனது. மத்தியானம் குச்சி ஐஸ் வாங்கித் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டாள். தும்பியின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு, "டேய், நீ நெஜமாவே பறக்கப் போறடா!" என்று அதைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்த உற்சாகம் தீப்பிடித்த மாதிரி பரவியது. வெல்டிங் வேலை செய்கிறவர்கள் பாடினார்கள், இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. காற்று அடித்தால் தும்பி பக்கவாட்டில் ஆடுகிறதே என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்த சிக்கலுக்கு, தமயந்தி ஒரு காகித ராக்கெட்டைப் பறக்கவிட்டு விளையாடிக்கொண்டே வழி கண்டுபிடித்தாள். பாவாடை கட்டிய வயதுக்குப் பிறகு இப்படி ஒரு துள்ளல் தனக்கு இருந்ததே இல்லை என்று நினைத்தாள். காப்பு பழகப் பழக நன்றாக வேலை செய்கிறது என்று தானாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். பெரிய எஞ்சினியர் இல்லையா, காரணம் கண்டுபிடிக்கத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தால் அதே துள்ளல்தான். "ஆதிரை, வா, கேரம்! இல்ல வேண்டாம், மொட்டை மாடில பட்டம் விடலாம்!"

"நீ விடும்மா. நான் பாக்கறேன்" என்றாள் ஆதிரை. மே மாத வெயிலில் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து கிடந்தாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் எட்டு என்ற எண் இரண்டு நாளாக அழியாமல் நின்றது.

"பாத்தீங்களா, குதியாட்டமெல்லாம் போயி பொண்ணு பெரிய மனுசியாட்டம் அமைதியாயிட்டா" என்று தமயந்தி கணவனிடம் பெருமைப்பட்டாள்.

"அமைதியா? சோந்து கெடக்கறா. வெயில் ஆகலையோ என்னமோ. நேத்து டாக்டர்கிட்டக் காட்டினேன், ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்கச் சொல்லுங்கன்னாரு." நல்லசிவம் துவைத்த துணியை மடித்துக்கொண்டே தயங்கினான். "அப்பறம் தமயந்தி, அந்தக் காப்பு..."

"காப்புன்னாக் காப்பு! என்ன காப்பு! ஏனுங்க, இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று அவள் ஆரம்பித்தாள். காகித ராக்கெட் கதையைக் கையையும் காலையும் ஆட்டி, கட்டிலின் மேல் ஏறி நின்று சொன்னாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவளை இவ்வளவு சந்தோஷமாக அவன் பார்த்ததில்லை. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டான்.

தும்பி பறக்கிற நாள் வந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் பெரிய மைதானம், பெரிய பந்தல், நாதஸ்வரம், கல்லூரிப் பிள்ளைகளின் டிரம்ஸ், மேடையில் மந்திரிக்குச் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. நடுவில் மஞ்சள் நிறத்தில் தும்பி. பத்து மணிக்குப் புறப்பாடு. ஒன்பதே காலுக்குத் தமயந்தி நீலச் சீருடையில் தும்பியின் வாசற்படியில் நின்று துள்ளிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் பட்டாசுச் சரம் வெடிக்கிற மாதிரி இருந்தது.

மெர்சி பெட்டியோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பறக்கும் முன்பு காப்பைச் சோதித்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். தமயந்தியின் மணிக்கட்டில் சின்னத் திரையை ஒட்டிப் பார்த்தாள். பார்த்தவள் திரையைத் தட்டினாள். மறுபடியும் பார்த்தாள்.

"மேடம், சாருக்கு எத்தனை வயசுன்னு எழுதினீங்க?"

"நாப்பத்தாறு. ஏனுங்க?"

"கருவி என்னமோ தப்பாக் காட்டுதுங்க. மொத மூணு நாள் நாப்பத்தாறுதான். அதுலயும் மூணாவது நாள் குழாய் காஞ்சு போயிருக்கு, சொட்டுக்கூட இல்ல. நாலாவது நாள்ல இருந்து வெள்ளமாட்டம் வருது. ஆனா குடுக்கற ஆளு வயசு..." மெர்சி தயங்கினாள். "பதிமூணுன்னு காட்டுதுங்க."

நாதஸ்வரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. தமயந்திக்குத்தான் எதுவும் கேட்கவில்லை. குச்சி ஐஸ், இரண்டிரண்டாகத் தாவிய படிகள், காகித ராக்கெட். எட்டு நாளாக அவள் நெஞ்சுக்குள் குதித்துக்கொண்டிருந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பந்தலை நோக்கி ஓடினாள். குடும்பத்தார் பகுதியில், முதல் வரிசையில், நல்லசிவம் ஒரு குடையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் காக்கிச் சட்டைக்குள் ஆதிரை. இரண்டாயிரம் பேரைத் தோற்கடித்துப் பேர் வைத்தவள், மூன்று மாதமாக நாளை எண்ணியவள், பத்தடி தூரத்தில் டிரம்ஸ் அதிர, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

தமயந்தி கணவனின் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. எட்டு நாளில் அந்தக் கையை அவள் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"எங்கீங்க காப்பு?"

"மூணாம் நாளே கழட்டி வெச்சுட்டேன்" என்றான் நல்லசிவம் தலையைக் குனிந்து. "அடுப்புக்கு முன்னால நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிருச்சு தமயந்தி. எண்ணெச் சட்டி கொதிக்குது. ஓரங்கட்டோணுமில்ல? ஃபிரிட்ஜு மேல வெச்சேன். உன்றகிட்டச் சொல்லலாம்னு வந்தா நீ முன்னவிடத் தெளிச்சியா இருந்தே. காப்பு இல்லாமயே நல்லா இருக்கறே, எதுக்குச் சொல்லிக் கெடுக்கறதுன்னு..."

தமயந்தி மகளின் காக்கிக் கையை மேலே சுருட்டினாள். மெலிந்த மணிக்கட்டில், நழுவாமல் இருக்கத் துணியைச் சுற்றி, கறுப்புக் காப்பு இருந்தது. "ஃபிரிட்ஜு மேலதானே வெச்சேன்!" என்று நல்லசிவம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

ஆதிரை பாதிக் கண்ணைத் திறந்தாள். "கழட்டாதம்மா" என்று குழறினாள். "இன்னிக்கு நீ பறக்கோணுமில்ல. அப்பா அன்னிக்குக் கீழ விழப் பாத்தாரு. அவருக்கு எத்தனை வேலை... நான் லீவுல சும்மாதானே இருக்கேன்."

தமயந்தி அழவில்லை. அழுகைக்கு நேரமில்லை. பின்னாலேயே ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மெர்சியைப் பார்த்தாள். "இப்ப என்ன பண்ணோணும்? சொல்லுங்க."

"ஐயோ, கொழந்தைய மொதல்ல நிறுத்தோணுங்க. ஆனா மேடம், உங்க காப்புல இன்னும் ஒரு நாள் ஓய்வு மிச்சமிருக்கு. பதினோரு நிமிசம்தானே? பறந்துட்டு வந்து..."

"அது அவளுது. திருப்பிக் குடுக்க முடியுமா?"

"காப்பை மாத்தி மாட்டினாப் போதும். கொழந்தை தெளிஞ்சுரும், அப்பறம் ஒரு வாரம் நல்லாத் தூங்கினா முழுசாச் சரியாயிரும். ஆனா உங்களுக்குப் பன்னெண்டு நாள் அசதியும் ஒரே நேரத்துல வந்து விழும். அது எங்கயும் போகலீங்க மேடம், உங்க பின்னாலயேதான் நின்னுக்கிட்டு இருக்குது. நிக்கக்கூட முடியாது உங்களால. தும்பி கெளம்பறத நீங்க பாக்கவே மாட்டீங்க."

ஆறு வருட உழைப்பு. தமயந்தி திரும்பித் தும்பியைப் பார்த்தாள். பறக்க வேண்டும் என்று உள்ளே ஒன்று குதியாய்க் குதித்தது. குதித்ததும் ஆதிரைதான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

நேராக மேடைக்குப் போனாள். "சார், நான் ஓட்டலீங்க. எனக்குத் தூக்கம் வருது."

வெங்கிடுசாமிக்கு வேர்த்துவிட்டது. "ஏம்மா, மந்திரி கார் மைதானத்து வாசலுக்கே வந்துருச்சு! இப்பப் போயித் தூக்கம் வருதுங்கறியே!"

"கண்ணு சொக்கினா வண்டிய ஓரங்கட்டோணுங்க சார். மந்திரியே உள்ள இருந்தாலும் சரி."

"அது பஸ்ஸுக்குச் சொல்றதும்மா!"

"இதுவும் பஸ்தானுங்க சார்."

வெங்கிடுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மோட்டாரும் தெரிந்த, கைப்பிடிக்குப் பயிற்சி எடுத்த இன்னொரு ஆள் யார் என்று சுற்றிலும் பார்த்தார். பார்த்த இடத்திலெல்லாம் பன்னிரண்டு நாள் தமயந்தியின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடிச் சிவந்துபோன கண்கள். ஒரு ஓரத்தில் ஷாகுல் மட்டும், குளித்துத் தலைவாரிப் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து எட்டு மணி நேரம் தூங்கினேன் சார்" என்றான், திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.

"போப்பா! ஓடு!" என்று கத்தினார் வெங்கிடுசாமி.

மெர்சி நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து காப்புகளை மாற்றினாள். மாற்றும் முன்பு ஒரு படிவத்தை நீட்டினாள். முடித்துக்கொள்ளும்போதும் அதே பதினேழு கேள்விகள்தான். தமயந்தி பதினாறை விட்டுவிட்டுப் பதினேழுக்குப் போனாள். 'எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை' என்று எழுதினாள். கையெழுத்தின் கடைசி எழுத்தில் பேனா நழுவியது.

அசதி வந்தது என்று சொல்லக்கூடாது. கூரை இறங்கிய மாதிரி இறங்கியது. "டிரம்ஸ் பக்கம் வேண்டாம், அக்கட்டக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்று நல்லசிவம் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்தின் ஓரத்திலிருந்த சிமென்ட் பெஞ்சில் படுக்கவைத்தான். வெட்ட வெயில். ஆதிரை கூடவே வந்தாள். முதலில் தள்ளாடித்தான் வந்தாள். பெஞ்சுக்கு வந்ததும் கண்ணைக் கசக்கினாள். கன்னத்தில் சிவப்பு ஏறியது. காக்கிச் சட்டையைக் கழற்றி வீசினாள்.

எட்டு மோட்டாரும் ஒன்றாக உறுமின.

"அம்மா! அம்மா, தும்பி எந்திரிக்குது! பாரும்மா! ஐயோ, எந்திரிச்சிருச்சு! பறக்குதும்மா!" ஆதிரை பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். பெஞ்சே அதிர்ந்தது.

தமயந்தி கண்ணைத் திறக்கப் பார்த்தாள். மஞ்சளாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூச்சல் கேட்டது. எட்டு நாளாகத் தன் நெஞ்சுக்குள் அடைந்து கிடந்த துள்ளல், அதன் சொந்தக்காரியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே இப்போது அசதிதான் இருந்தது, அதுவாவது தன்னுடையது. அந்த அசதிக்குள்ளேயே சின்னதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. மூணாவது மோட்டார் சுத்தமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். நல்லசிவம். "எந்திரி, எந்திரி. தும்பி திரும்பி வருது."

"எங்க? ஒண்ணும் காணோம்."

"இப்ப வரும். எனக்குச் சத்தம் கேக்குது."

சொன்னபடியே மலைப்பக்கம் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. மைதானத்தின் நடுவில் ஆதிரை வெல்டிங் ஆட்களோடு கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். புள்ளி பெரிதாகி, சூரியனை ஒரு கணம் மறைத்து, எட்டு மோட்டாரும் ஒரே சுருதியில் முனக, ஒரு பூவை வைக்கிற மாதிரி தரையில் வந்து உட்கார்ந்தது. தமயந்தி பெஞ்சிலிருந்தே கைதட்டினாள். கையைத் தூக்கவே கனமாக இருந்தது, ஆனாலும் விடாமல் தட்டினாள்.

"ஊட்டிக்குப் போயி, விழா முடிஞ்சு, இப்பத்தான் வர்றாங்க" என்றான் நல்லசிவம். "உனக்கு மூணு மணி நேரத் தூக்கம்."

மூன்று மணி நேரம் வெட்ட வெயிலில் படுத்திருந்தும் முகம் சுடவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் குடை விரிந்திருந்தது. அதைப் பிடித்திருந்த கை விறைத்துப்போயிருந்தது. அவன் சட்டை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. பெஞ்சைச் சுற்றி மண்ணில், வெயில் நகர நகர அவனும் நகர்ந்து நின்ற செருப்புத் தடங்கள் அரைவட்டமாகப் பதிந்திருந்தன.

அவள் குடையை வாங்கப் போனாள். கம்பியைச் சுற்றியிருந்த அவன் விரல்கள் உடனே பிரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"ஏனுங்க, மூணு மணி நேரமா இப்படியே நின்னீங்களா?" என்றாள் தமயந்தி.

நல்லசிவம் கையை உதறிக்கொண்டே சிரித்தான்.

"அதனாலென்ன? சும்மாதானே நின்னேன்."